எக்ஸ்ரேக்காரம்மாவின் ஹெலிகாப்டர்

டிரைவருக்கு வாய் கொஞ்சம் நீளம். காலையில் டிப்போவில் பஸ்ஸை எடுக்கும்போது ஆரம்பித்தால் ராத்திரி படுக்கும்வரை ஓயாது. மனைவி நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். தினமும் ஐம்பது பேரிடம் "மூச்ச இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தால், வீட்டில் பேச அவளுக்கு வார்த்தை மிச்சமிருக்காது. அவர் பேச அவள் கேட்க, குடித்தனம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாவது வயதில் அவள் உள்ளங்கை அகல ஹெலிகாப்டர் ஒன்றையும், அதை ஓட்டும் ரிமோட்டையும் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான்."

"பேரன் பொறக்கறதுக்கு முன்னாடியே பொம்மை வாங்கி வெச்சுட்டியா?"

அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதில் ஓர் அறை காலியாக இருந்தது. அதற்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து நிமிஷத்தில் ஜன்னல் திரை கிழிகிற சத்தம் கேட்டது.

மூன்றே மாதத்தில் அந்தக் குட்டி அவள் சொன்னபடி கேட்டது. அடுத்தது பெரியது. அதைப் பெட்டி நிறைய உதிரி பாகங்களாக வாங்கி, எட்டு மாதம் உட்கார்ந்து தானே பூட்டினாள். ரிமோட் பழையதுதான்; குட்டிக்கு ஒரு கணக்கு, பெரிசுக்கு ஒரு கணக்கு என்று அதிலேயே பதிந்துவைத்து, எதை ஓட்டுகிறாளோ அதற்கு மாற்றிக்கொள்வாள். சமையலறைத் தராசைக் காணோம் என்று டிரைவர் தேடிக்கொண்டு போனால், அதன்மேல் கைநீள இறக்கைகளை மாற்றி மாற்றி வைத்து எடை பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டுமாம். ஒரு மயிரிழை வித்தியாசம் என்றாலும் மிஷின் உதறியே உடைந்துவிடுமாம். இளைத்த இறக்கையில் நகத்தளவு டேப் ஒட்டி மறுபடி நிறுப்பாள். வேலையில் அப்படி ஒரு பொறுமையை டிரைவர் வேறு யாரிடமும் கண்டதில்லை. வெளியே சொன்னாரா என்றால், அதுதான் இல்லை.

ஊருக்கு வெளியே இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கென்று ஒரு கிளப்பும் மைதானமும் இருந்தன. அங்கே எல்லாரையும் அழவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் நமக்கு முதுகைக் காட்டி நிற்கும்வரை அதன் வலது நமக்கும் வலது. முகத்தை நம் பக்கம் திருப்பியதும் எல்லாம் மாறிவிடும். பழக்கதோஷத்தில் கை தப்பாகப் போகும், மிஷின் மண்ணைக் கவ்வும். பெரிய பெரிய ஆட்களுக்கு வருஷக்கணக்கில் வராதது இவளுக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது.

"எக்ஸ்ரேல எல்லாரோட இடது பக்கமும் எனக்கு வலது பக்கம்தானே. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் பாக்கறேன்" என்றாள்.

பெரிய மிஷினைத் துணையாள் இல்லாமல் பறக்கவிட கிளப்பில் ஒரு பரீட்சை வைப்பார்கள். எழுப்பி ஒரு நிமிஷம் அசையாமல் நிறுத்தி, வட்டமடித்து, சுண்ணாம்புக் கோட்டுக்குள் இறக்க வேண்டும். முதல் தடவை காற்று கெடுத்தது. இரண்டாம் தடவை வால் தரையில் தட்டியது. மூன்றாவதும் போனால் ஒரு வருஷம் மறுபடி கேட்கவே கூடாது. எட்டு மாதம் பூட்டிய மிஷினை அடுத்தவர் கண்காணிப்பில் ஓட்ட வேண்டியிருப்பது அவளை எவ்வளவு அரிக்கிறது என்பது டிரைவருக்குத் தெரியும். அதனால்தான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார்.

போனவர் சும்மா இருந்தாரா? அவள் ஹெலிகாப்டரைக் கோட்டுக்குள் வைத்து ரிமோட்டை எடுக்கும்வரை பின்னாலேயே நின்று, "பயப்படாத, நான் இருக்கேன், போன தடவை மாதிரி வால தட்டிடாத" என்று தொணதொணத்துக்கொண்டே இருந்தார்.

மிஷின் எழும்பியது. எழும்பிய வேகத்தில் வலப்பக்கம் சரிந்தது. அவள் கட்டைவிரல் இடப்பக்கம் போக, இன்னும் வலப்பக்கம் பாய்ந்தது. அடுத்த நொடி அது சட்டென்று சுழன்று அவள் முகத்தைப் பார்த்துத் திரும்பி, ஆணி அடித்த மாதிரி அந்தரத்தில் நின்றது. ஒரு நிமிஷம் நின்றது. அப்படியே முகம் காட்டியபடி கோட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. மைதானமே கைதட்டியது.

பரீட்சை வைத்த கிளப் செயலாளர் எழுந்தே விட்டார். "அக்கா, முகம் காட்டி இறக்கச் சொல்லி நாங்க கேக்கவே இல்லையே. பிரமாதம். வட்டம் மட்டும்தான் பாக்கி, அடிச்சிடுங்க."

அவள் ரிமோட்டில் எதையோ பார்த்தாள். பிறகு செயலாளரிடம் போனாள்.

"ஃபெயில்னு போட்டுக்கோங்க சார். ரிமோட் குட்டி ஹெலிகாப்டர் கணக்குலயே இருந்திருக்கு, பெரிசுக்கு மாத்தல. அந்தக் கணக்குல பெரிசுக்கு இடது வலது தலைகீழ். மேல போனதும்தான் புரிஞ்சுது. முகத்தத் திருப்பினா அது நேராயிடுமேன்னு திருப்பினேன். கிளப்பறதுக்கு முன்னாடி நான் எதையும் சரிபாக்கல."

பார்க்காமல் கிளப்பினால் ஃபெயில் என்பது கிளப் விதி. செயலாளர் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தார். டிரைவருக்கோ ஆத்திரம் தாங்கவில்லை; அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"யாருக்குமே தெரியலையேம்மா. பேசாம மாத்திட்டு வட்டத்த அடிச்சிருக்கலாம்ல?"

"நீங்க பிரேக்கப் பாக்காம பஸ்ஸ எடுத்துட்டு, ஒண்ணும் ஆகலேங்கறதுக்காகப் பாத்தேன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

முப்பது வருஷ சர்வீஸில் அவர் ஒரு நாளும் அப்படிப் போட்டதில்லை. அவளைச் சரிபார்க்கவிடாமல் செய்தது தன் தொணதொணப்புதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் அதைச் சொல்லவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான். அவர் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் டிப்போவில் கண்டக்டர், மெக்கானிக், டீ கொண்டுவருபவர் என்று ஒருவர் விடாமல் மிட்டாய் கொடுத்தார்.

"என்ன சார் விசேஷம்?"

"என் பொண்டாட்டி பரீட்சையில ஃபெயில் ஆயிட்டா" என்றார் டிரைவர், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு. "உக்காருங்க, எப்படின்னு சொல்றேன்."