ஆள் இல்லாத ரோட்டுப் படங்கள்

என் அப்பா ரோடு போடும் கான்ட்ராக்டர். சின்ன வயதில் எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. திருச்சியில் எந்த ரோட்டிலாவது பஸ் குலுங்காமல் போனால், இது எங்கப்பா போட்டது என்று பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லாமல் விடமாட்டேன். குலுங்கினால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வேலை தொடங்கும் முன் ரோட்டை ஒரு படம், முடிந்த பின் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுப்பது அப்பாவின் வழக்கம். பில்லோடு அவை போக வேண்டும். ஒரு பிரதி எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்கு வரும். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. ஆள் நின்றால் ரோடு மறைந்துவிடும், ரோடு மறைந்தால் பில் நின்றுவிடும் என்பார். அதற்காகவே விடிந்ததும் விடியாததுமாகக் கேமராவோடு கிளம்பிவிடுவார். அப்படித்தான் பாலக்கரையும் காந்தி மார்க்கெட்டும் சத்திரம் பஸ் நிலையமும் ஈ காக்கை இல்லாமல் அந்தப் பெட்டியில் கிடந்தன. பெற்ற பெண்ணான எனக்குக் குழந்தைப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதிலும் பாதி முகம் வெளியே போய்விட்டது.

அப்பா போன பிறகு அரியமங்கலம் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா என்னோடு திருவானைக்கோயிலுக்கு வந்துவிட்டாள். தகரப் பெட்டியும் கூடவே வந்து பரணில் ஏறியது. நான் அதைத் தொடவில்லை. ரோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வாசலில் இறங்கினால் போதாதா என்ன.

இந்த வருஷம் என் மகள் பிள்ளை உண்டாகித் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து டாக்டர், பிரஷர் ஏறியிருக்கிறது, கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். நாங்கள் உப்பைக் குறைத்தோம், அப்பளத்தை நிறுத்தினோம். அம்மா மட்டும் தன் தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வளையல் போடறதுக்கு முன்னாடி இவள அக்கா கல்லுக்கு அழைச்சிட்டுப் போகணும். உனக்குத்தான் விட்டுப்போச்சு. இவளுக்கு விடமாட்டேன்."

அக்கா என்றது அம்மாவின் அக்காவை. எனக்குப் பெரியம்மா. நான் பார்த்ததில்லை, நிறைமாதத்தில், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோனவள். அப்படிப் போகிறவர்களுக்காகச் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது அந்தக் காலத்து வழக்கம். இரண்டு கல்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு நீளக் கல். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள், தூக்கிவிட ஆள் தேடாமல், குனியாமல், கூடையை அப்படியே அதன் மேல் நகர்த்தி வைத்து இளைப்பாறிக்கொள்ளலாம். அவள் இறக்க முடியாமல் போன சுமையை ஊரார் இறக்கி வைக்க வைக்க அவளுக்கு ஆறும் என்று நம்பினார்கள். பெரியம்மாவின் கல்லை, அவள் வாழப்போன வீட்டார் திருவானைக்கோயிலிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் சாலையில் நட்டார்கள். அதன் பிறகு அம்மா வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. பிள்ளை உண்டான பெண், வளைகாப்புக்கு முன் ஒரு சின்ன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போய் அந்தக் கல்லில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெறுங்கையோடு வீடு வர வேண்டும். என்னைச் சுமந்தபோது அம்மா அப்படிச் செய்திருக்கிறாள். நான் என் மகளைச் சுமந்தபோது, துவாக்குடி கம்பெனி வேலைக்கு பஸ்ஸைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததால், அதெல்லாம் ஆகாது என்றுவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் குடியிருப்பது அந்தச் சாலையை ஒட்டித்தான். அப்படி ஒரு கல்லை நான் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம். தோள் உயரத்துக்கு நிற்கும், எதிரே அரிசி மில், மில்லுக்கு ஒரு பெரிய புகைபோக்கி, கண் தெரியாதவர்கூட முட்டிக்கொள்வார், உனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்றாள். சரி, காட்டு என்று ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோ மெதுவாகப் போய் மெதுவாகத் திரும்பியது. செல்போன் கடை, பிரியாணிக் கடை, ஸ்கேன் சென்டர், கண்ணாடி முகப்பு வைத்த நகைக்கடை, அடுக்குமாடி வீடுகள். மில் இல்லை, புகைபோக்கி இல்லை. அம்மா ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, தோள் உயரத்தில் எதையோ தேடிக்கொண்டே வந்தாள். அவள் என் வீட்டுக்கு இத்தனை வருஷமாக இதே சாலை வழியாகத்தானே வந்து போயிருக்கிறாள். ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா என்று எரிச்சலோடு கேட்டேன்.

"அது எங்க போயிடப் போவுதுன்னுதான் தேடாம இருந்துட்டேன்," என்றாள் அம்மா. கல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டார்களோ என்று என்னையே கேட்டாள்.

வழக்கமாக இந்த மாதிரி விஷயங்களைக் கிண்டல் செய்பவள் என் மகள். அன்று நான் சமையலறையில் இருந்தபோது பின்னால் வந்து நின்று, கல்லு கெடச்சிரும்லம்மா என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஸ்டூல் போட்டு ஏறித் தகரப் பெட்டியை இறக்கினேன்.

பெட்டி முழுவதும் ரோடுகள். அப்பா பின்பக்கம் இடத்தை மட்டும் எழுதியிருந்தார். காவேரிப் பாலத்து முனை, தெப்பக்குளம், உறையூர் என்று தள்ளிக்கொண்டே வந்து, எங்கள் சாலையின் படங்களைத் தனியே எடுத்தேன். முதல் படம் கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் புளியமரங்கள், தூரத்தில் கோயில் கோபுரம், இடது பக்கம் மில், புகைபோக்கி. வலது பக்கம் கல். அம்மா சொன்னது சொன்னபடியே இருந்தது. ஒரு பெண், நிமிர்ந்து நின்றபடி, தலையிலிருந்த வாழைக்காய்க் கூடையைக் குறுக்குக் கல்லின் மேல் நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளை மட்டும் அப்பா விலகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மற்றப் படங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். பரப்பிய பிறகுதான் கல்லைக் கவனித்தேன்.

இரண்டாவது படத்தில் கல் மார்பளவு இருந்தது. அடுத்ததில் இடுப்பளவு. புளியமரங்கள் போய், மில் கோடவுனாகி, கோடவுன் லாட்ஜாகி, லாட்ஜின் மேல் இன்னொரு மாடி ஏறிக்கொண்டே போனது. கல் இறங்கிக்கொண்டே போனது. தூண்கள் குட்டையாகிக் குட்டையாகி, வண்ணப் படம் வந்தபோது தூண்களே இல்லை. குறுக்குக் கல் மட்டும் தரையோடு கிடந்தது. யாரும் அதைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லியைக் கொட்டி, தாரை ஊற்றி, ரோலரை ஓட்டி, பஸ் நிற்க ஓரத்தில் மண்ணடித்து, ரோட்டைத்தான் ஒவ்வொரு தடவையும் உயர்த்தியிருக்கிறார்கள்.

கடைசிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். கல்லுக்குப் பின்னால் ஒரு டீக்கடை. நீலத் தகரக் கூரை. கல்லின் ஒரு மூலை உடைந்திருந்தது. படம் என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

அந்த உடைந்த மூலையை என் கைக்குத் தெரியும். துவாக்குடி பஸ்ஸுக்காக நான் வருஷக்கணக்காக உட்கார்ந்த கல் அது. பை நழுவாமல் இருக்க வாரை அந்த மூலையில்தான் மாட்டுவேன். அதன் மேல் செருப்புக் காலைத் தூக்கி வைத்து வார் போட்டிருக்கிறேன். டீ கிளாஸைக் கழுவி அதன் மேல் ஊற்றியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு நட்ட கல்லின் மேல், பெரியம்மா என்று ஒருத்தி இருந்ததையே நினைக்காமல், வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து வடை தின்றிருக்கிறேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் படங்களின் கீழ் ஓரத்தை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள். அங்கே ரோட்டின் மேல் ஒரு நிழல் விழுந்திருந்தது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தவரின் நிழல். எல்லாப் படங்களிலும் இருந்தது. தொப்பி வைத்த நிழல்.

"உங்கப்பாடி," என்றாள்.

எனக்கு அது வரை உறைக்கவே இல்லை. இவை அப்பாவின் படங்கள் என்றால் இந்த ரோடும் அப்பா போட்டதுதானே. மனைவியின் அக்காவுக்கு நட்ட கல்லென்று தெரிந்த மனிதர், தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக வந்து மூட்டை இறக்கிய கல்லென்று தெரிந்த மனிதர், ஒவ்வொரு தடவையும் அதன் எதிரே நின்று, வேலைக்கு முன் ஒரு படம், வேலைக்குப் பின் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தால் இப்போதே கேட்டிருப்பேன். இல்லாதவரை எங்கே போய்க் கேட்பது? அம்மாவைக் கேட்டேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று அதட்டியே கேட்டேன்.

"ரோடு போடறாருன்னு தெரியும். எதுமேல போடறாருன்னு நான் கேட்டேனா? நீ கேட்டியா? அதுலதான்டி நாம சாப்புட்டோம்."

சொல்லிவிட்டு அம்மா படங்களை அடுக்கத் தொடங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் போனோம். மகளின் தலையில் ஒரு துண்டு முடிச்சு. உள்ளே ஒரு படி அரிசி, ஒரு துண்டு வெல்லம். டீக்கடை அப்படியே இருந்தது. கல் நான் உட்கார்ந்த காலத்தைவிடவும் தாழ்ந்திருந்தது. நான் வேலையை விட்ட பிறகும் ரோடு போட்டிருக்கிறார்களே. கல்லின் மேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களைப் பார்த்து நின்றதும், என்ன நினைத்தார்களோ, எழுந்து இடம் விட்டார்கள்.

மகள் கல்லின் முன்னால் போய் நின்றாள். குனியாமல் இறக்கி வைக்க வேண்டும். கல்லோ அவள் கணுக்காலுக்குச் சற்று மேலே கிடந்தது. அவளால் அவ்வளவு தூரம் குனியவும் முடியாது, குனியவும் கூடாது. முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். நிற்பவளுக்காக நட்ட கல்லை இப்படி ஆக்கி வைத்தால் யார்தான் என்ன செய்வது? மகளுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நிற்க முடியவில்லை அம்மாச்சி என்றாள்.

அம்மா அவள் தோளைப் பிடித்தாள். "உக்காரு. முடிச்சோட அப்படியே உக்காந்துரு."

என் மகள் என் தோளைப் பற்றிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி, மெல்ல மெல்லக் கல்லின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு முடிச்சைத் தலையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பெரிய மூச்சு விட்டாள். அம்மாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த மூலையில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணை மறைத்தது.

அப்போதுதான் ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவர் ரோட்டின் நடுவிலிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். கையில் செல்போன்.

"கொஞ்சம் எந்திரிச்சுக்குறீங்களாம்மா? ரோட்ட ஒரு போட்டோ எடுத்துக்கணும்."

எதற்கு என்று கேட்டேன். புது ரோடு வருகிறது, வேலைக்கு முன்னால் ஒரு படம் வேண்டும் என்றார். எவ்வளவு உயரும் என்றேன். பக்கத்துக் கரண்ட் கம்பத்தைக் காட்டினார். அதில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன். கோடு கல்லின் தலைக்கு மேலே இருந்தது, உட்கார்ந்திருந்த என் மகளின் இடுப்பருகே.

அம்மா எழுந்திருக்கவில்லை.

"எங்களோட சேத்தே எடுத்துக்க தம்பி," என்றாள்.

ஆள் இருந்தால் படம் செல்லாது என்று அவர் பொறுமையாகவே சொன்னார். தெரியும், எங்கள் வீட்டுக்காரரும் இதைத்தான் சொல்வார் என்றாள் அம்மா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியை எழுப்ப மனமில்லாமல், பரவாயில்லை, நாளைக்குக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அரிசி முடிச்சைக் கல்லிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் மகள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"காலையில என்ன வெள்ளனவே எழுப்பி விடு. அவன் வர்றதுக்கு முன்னாடி நான் போய் உக்காரணும்."