நீச்சல் கேட்ட பேராசிரியை

அந்தப் பேராசிரியை மறுநாள் கூட்டத்தில் என்னதான் சொல்லியிருப்பார்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன், எண்ணூரிலிருந்து வரும் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேலை ஓரமெல்லாம் ஈரம். மடியில் சிறு நண்டுகள் போட்ட கண்ணாடிச் சாடி. எதையாவது கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவருடைய பல்கலைக்கழகத்தில் கடலியல் படிப்பு தொடங்கப் போகிறார்களாம். சேருகிறவர்களுக்கு முன்பே நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி வைப்பதா, வேண்டாமா என்பதுதான் மறுநாள் கூட்டத்தில் பேச்சு.

"வெச்சா எத்தனை பொண்ணுங்க வருவாங்க? நீங்க உங்க பொண்ணுக்குக் கத்துக்கொடுப்பீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

தோளில் தூங்கிய மகளைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு, எதிரே கூடையோடு இருந்த மீன்காரம்மாவிடம் திரும்பினார்.

"உங்க குப்பத்துப் பொண்ணுங்க நல்லா நீந்துவாங்க, இல்லையா?"

"இன்னாம்மா நீ, ஆம்பளைங்கதான் கடலுக்குப் போறாங்கோ. நான் மீன் விக்கிறவ. மீனுக்கு நீச்சல் தெரிஞ்சா பத்தாதா?"

பெட்டியே சிரித்தது. பேராசிரியை மட்டும் யோசித்தபடி, "அப்போ முன்னாடியே கேக்கறது நியாயமில்ல. சேர்ந்தப்புறம் நாங்கதான் கத்துக்கொடுக்கணும்" என்று சொல்லி ராயபுரத்தில் இறங்கிக்கொண்டார்.

இப்போது மகளுக்கு ஆறு வயது. தண்ணீரில் இறங்க வேண்டும் என்று தினமும் அடம்பிடிக்கிறாள். கல்லூரி வரை காத்திருக்கவும் மனமில்லை, கையை விடவும் தைரியமில்லை. பெண் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த வயதில், யாரிடம் விட்டீர்கள் என்று எழுதுங்களேன்.