இருதயமேரியின் இஞ்ச் டேப்

ஐ.சி.யூ. வாசலிலும் கழுத்தில் இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டபடிதான் இருதயமேரி உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நாளாகத் திண்டிவனம் வீட்டுக்கும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸில் அலைச்சல். குளித்துப் புடவை மாற்றினாலும் டேப் மட்டும் கழுத்துக்கு வந்துவிடும். எதிரே நிற்கும் நர்சின் சட்டைத் தோள் ஒரு இஞ்ச் இறங்கியிருப்பது அவள் கண்ணை உறுத்துகிறது.

"டியூட்டி முடிஞ்சதும் கழட்டிக் குடு பாப்பா, தோளப் புடிச்சித் தர்றேன்." நர்ஸ் முறைத்துவிட்டுப் போகிறாள்.

இருபத்தாறு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். யார் எதைச் சொன்னாலும் "அளவச் சொல்லு" என்பாள். மீன்காரியிடமும் அதே பேச்சு, கோயில் ஃபாதரிடமும் அதே பேச்சு.

உள்ளே கிடப்பது அவள் அம்மா சவுரியம்மாள். எண்பத்துமூன்று வயது. கிட்னி போய்விட்டது, நுரையீரலில் நீர். டாக்டர் அன்புச்செல்வன் தினமும் ஒரு தாளை நீட்டுகிறார். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்கப் பார்க்க வேண்டாம் என்று மகள் ஒப்புக்கொள்கிற தாள். அவளும் தினமும் திருப்பித் தள்ளுகிறாள்.

"வேணாம்னு நான் எப்பிடி சார் எழுதுவேன்? பெத்த பொண்ணு எழுதுற எழுத்தா இது?"

"ஃபாதரே வந்து கடைசி எண்ணெய் பூசிட்டுப் போயிட்டாரேம்மா" என்று நேற்று டாக்டர் வாயை விட்டார். வந்தது வினை.

"பூசுனா சாவுன்னு யார் சார் சொன்னது? எங்கம்மாவுக்கு இது நாலாவது பூசுதல். மூணு தடவையும் பூசிக்கினு எழுந்து உக்காந்து, கேப்பைக் கூழு எங்கடின்னு கேட்டுச்சி. போன தடவ ஃபாதர் பைக்கக்கூட ஸ்டார்ட் பண்ணல, அதுக்குள்ள!"

"உடம்பு தாங்காதும்மா" என்கிறார் அவர். எவ்வளவு தாங்காது? "பலன் ரொம்பக் கம்மி" என்கிறார். எவ்வளவு கம்மி? நடுநடுவே இங்கிலீஷ் வேறு. இவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி வழவழவென்று பேசுகிற ஆளை நம்பி ஒரு ஜாக்கெட் துணி கொடுக்க முடியுமா?

ஐந்தாம் நாள் காலையில் வராந்தா அதிரக் கத்திவிட்டாள்: "சும்மா நெஞ்ச அமுக்குறதுதான? அமுக்குங்களேன், இன்னா கொறஞ்சி பூடும்?"

டாக்டருக்கும் பொறுமை போய்விட்டது. "சும்மா இல்லம்மா! ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ரெண்டு இஞ்ச் உள்ள எறங்கணும். நிமிஷத்துக்கு நூறு தடவ. விலா எலும்பு நொறுங்கிடும்!"

ரெண்டு இஞ்ச். இருதயமேரியின் கை கழுத்து டேப்புக்குப் போனது.

உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். டேப்பை எடுத்து, மெத்தையிலிருந்து நெஞ்செலும்பு வரை செங்குத்தாகப் பிடித்தாள். மொத்தமே ஆறரைதான் இருந்தது. மேலிருந்து ரெண்டு இஞ்ச் எண்ணி, அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்தாள். வெகுநேரம் நகத்தை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இத மொத நாளே இஞ்சில சொல்றதுக்கு இன்னா சார்? அஞ்சு நாளா பேஜாரு பண்ணிக்கினு! குடுங்க. வலி மட்டும் தெரியாம பாத்துக்குங்க."

தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். டேப்பை மறுபடி கழுத்தில் போடவில்லை. சின்னதாகச் சுருட்டி, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.