அடுப்பை வெளியே எடுத்த நாள்

பழைய கூரைத் தகரங்களைக் கழற்றிக் கீழே போட்டபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போட்டுக்கொள்ளும் நீண்ட தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் கடைசிக் காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடு அது. தகரத்தில் ஓட்டை இருந்தது என்று சொல்வது மரியாதைக்கு. ஓட்டைகளுக்கு நடுவே கொஞ்சம் தகரம் இருந்தது. நான் மதுரையிலிருந்து போனவன். இரண்டு நாடுகளுக்கும் சுதந்திரம் வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. தோட்டத்து ஜனங்களின் வீடுகளைப் பழுதுபார்க்கவும் நோயாளிகளைக் கவனிக்கவும் எங்கள் ஊரிலிருந்து ஒரு சிறு தொண்டர் குழு கப்பலேறியது. கட்டட வேலை தெரியும் என்பது என் தகுதி. மற்றபடி குளிர் தெரியாது, அட்டைக்கடி தெரியாது, தோட்டத்து நடைமுறை எதுவும் தெரியாது. வாய் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

எங்களோடு வந்த நர்ஸம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கோபம் அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். குழுவில் யாராவது சேவை மனப்பான்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், "மனசு இருக்கட்டும், கையக் கழுவினீங்களா?" என்பார். எனக்கு அவரிடம் பயமும் இருந்தது, அந்தப் பயத்தைக் காட்டிக்கொள்ளாத திமிரும் இருந்தது. அவர் ஒரு நோயாளியிடமும் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லிவிட்டுத்தான் ஊசி போடுவார்.

கடைசிக் காம்பராவில் இருந்தவள் கொழுந்தெடுக்கிற பெண். நிறைமாதம், தலைப்பிரசவம். புருஷன் மண்சரிவில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கால்கள் வீங்கி, முகம் ஊதியிருந்ததைப் பார்த்த நர்ஸம்மா, டவுன் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் நடக்க வேண்டும் என்று முடிவு செய்து லாரிக்குச் சொல்லி வைத்தார். லாரி வரும்வரை ஒழுகுகிற இடத்தில் அவள் கிடக்கக் கூடாது என்று, தோட்டத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு அவளைக் கூட்டிப்போனார். எங்கள் ஊரில் கூரை மாற்றுவதென்றால் கரண்டிவரை வெளியே எடுத்துவிடுவோம். அந்த வழக்கப்படி பாய், கம்பளி, சட்டி எல்லாவற்றையும் தூக்கினோம். அவளுக்குச் சூடாகக் கஞ்சி காய்ச்சலாமே என்று மண் அடுப்பையும் நர்ஸம்மா எடுத்துவரச் சொன்னார். அதைவிட நல்ல எண்ணம் இருக்க முடியாது.

மழை பிடிப்பதற்குள் புதுத் தகரத்தை ஏற்றிவிடலாம் என்று நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் காம்பராக்காரி கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து ஓடி வந்தாள். நேராகப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். நானும் ஏதோ விபரீதம் என்று பின்னால் ஓடினேன்.

"என்னங்கம்மா இப்படிச் செஞ்சுட்டீங்க! அடுப்பையுமா தூக்கியாந்தீங்க?" என்று அவள் நர்ஸம்மாவிடம் கத்தினாள். "ஆளும் இல்ல, அடுப்பும் எரியலன்னா காம்பரா காலின்னு பூட்டிருவாங்க. கண்டாக்கையா பூட்டோட வர்றாருங்க!"

கண்டாக்கு என்பவர் தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் உத்தியோகஸ்தர். காம்பரா செத்துப்போனவன் பேரில் இருந்தது. அதைப் பிடுங்கி வேறு குடும்பத்துக்குக் கொடுக்க நிர்வாகம் சமயம் பார்த்திருந்தது. ஆனால் அடுப்பு எரிகிற காம்பராவைப் பூட்டுவது அந்தத் தோட்டத்தில் வழக்கமில்லை. அந்த ஒரு வழக்கம்தான் அதுவரை அவளைக் காப்பாற்றி வந்தது. நாங்களோ உதவி செய்கிறேன் பேர்வழி என்று அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். பூட்டினால் அவள் எங்கே போவாள்? பிறந்தது இந்த மலையில். ஆனால் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. இந்தியாவில் பாட்டன் விட்டு வந்த ஊரின் பெயர்கூட அவளுக்குச் சரியாகத் தெரியாது.

பாயில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். வலி கண்டுவிட்டது என்பது முகத்தைப் பார்த்ததும் எனக்கே புரிந்தது.

"லாரி வந்துரும், அசையாதே," என்றார் நர்ஸம்மா. "உன் உடம்புக்கு இங்கே பிரசவம் ஆகாது. உயிருக்கே ஆபத்து."

"புள்ள எங்கயும் பொறந்துருங்கம்மா. காம்பரா போனா போனதுதாங்க," என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

நர்ஸம்மா திட்டினார், கெஞ்சினார், வாசலை மறித்துக்கூட நின்றார். அவள் கும்பிட்டாள். அந்தக் கும்பிடுக்கு மேல் நர்ஸம்மாவால் நிற்க முடியவில்லை. அவளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நின்னு வேடிக்கை பார்க்காதே! போய்க் கூரையைப் போடு," என்றார். பக்கத்துக் காம்பராக்காரி மண் அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

மழை வந்துவிட்டது, லாரிதான் வரவில்லை. நான்கைந்து தகரங்களை ஏற்றினோம். ஆணி அடிக்க அவகாசமில்லை. காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்க நானும் இன்னொருவரும் தகரத்தின் மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டோம். கீழே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதும், நர்ஸம்மா அதட்டுவதும் எனக்கு நேர் கீழே கேட்டன. பயந்துபோயிருந்தேன். கூரை போடத்தான் வந்தேன். கூரையாகவே கிடப்பேன் என்று நினைக்கவில்லை.

அங்கிருந்துதான் கண்டாக்கு வருவதைப் பார்த்தேன். குடை, அரைக்கால் சட்டை, பின்னால் சாக்கைத் தலையில் கவிழ்த்த காவல்காரன், அவன் கையில் பூட்டு. வாசலுக்கு வந்து, "யாரு உள்ளுக்கு? இது காலிக் காம்பரா," என்றார்.

நர்ஸம்மா முழங்கைவரை நனைந்த கைகளோடு வாசலில் வந்து நின்றார். "உள்ளே பிரசவம். பூட்டணும்னா எங்களையும் வச்சுப் பூட்டிட்டுப் போங்க," என்றார். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தீட்டு வீட்டுப் படியை மிதிக்கிறவர் இல்லை கண்டாக்கு; தலையை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தார். தகர இடுக்கு வழியே எனக்கும் தெரிந்தது, வெந்நீர்ப் பானையின் கீழ் ஈரவிறகு புகைந்துகொண்டிருந்தது. எரிந்தது என்று சொல்ல முடியாது. பக்கத்துக் காம்பராக்காரி குனிந்து உயிரைக் கொடுத்து ஊதிக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். பிறகு காவல்காரனிடம், "அடுப்பு எரியுது. ஆள் இருக்கு. நட," என்றார். அவர் நல்லவரா, மழையில் நிற்கச் சலித்தவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் திரும்பி நடக்கும்போதுதான் குழந்தை அழுதது. தகரத்தில் கன்னத்தை வைத்தபடி நானும் அழுதேன். மழைதான் என்று யாரும் நினைத்துக்கொள்ளட்டும்.

என் பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோரும் எழுந்து ஓடி, ஆணா பெண்ணா என்று ஒரே குரலில் கேட்டார்கள். நான் மட்டும் நாற்காலியிலேயே இருந்தேன். வெள்ளைச் சுவர், மின்விசிறி, பூட்டுக்கே வேலையில்லாத கண்ணாடிக் கதவு. என் மகள் உள்ளிருந்து கேட்ட முதல் கேள்வியும் அதுதானாம்.

அந்த லயத்துப் பெண் அதைக் கேட்கவில்லை. பிள்ளையின் அழுகை கேட்டும் அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று நர்ஸம்மா பிறகு சொன்னார். எனக்குத் தகரத்தின் வழியே அவள் குரல்தான் கேட்டது.

"பூட்டிட்டாங்களாம்மா?"

"இல்ல தாயி. நீ உன் வீட்டுக்குள்ளதான் இருக்கே."

அப்புறம்தான் அவள், "என்ன புள்ளைங்கம்மா?" என்று கேட்டாள்.