மீனாளிடம் கொடுக்காத போன்

மழை வருமா என்று சொல்வதைப் போல, எந்த மலையில் இலைகள் எப்போது சிவக்கும் என்றும் இந்த நாட்டில் செய்தியில் சொல்கிறார்கள். காரைக்குடியை விட்டு பாஸ்டனுக்குப் பக்கத்தில் மகன் வீட்டோடு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு இது விநோதமாகத்தான் இருக்கிறது. போன அக்டோபரில் நாங்களும் கிளம்பினோம்: மகன் கண்ணப்பன், மருமகள் மீனாள், நான். மலையில் இலை பார்த்துவிட்டு, மெய்ன் மாநிலக் கடற்கரையில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம்.

"மாமா, ஊர்ல வாசல்ல நாலு இலை கெடந்தா அந்தச் சத்தம் போடுவீக. இங்க இலை பார்க்க நாலு மணி நேரம் கார்ல வாரீகளே!" என்று மீனாள் சீண்டினாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இருவரும் காப்பி வாங்க உள்ளே போனார்கள். அப்போது என் போன் அடித்தது. தேவகோட்டையிலிருந்து மீனாளின் அண்ணன் சொக்கலிங்கம்.

"மாமா, அப்பச்சிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேர்த்துருக்கோம். டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நெனவு இருக்கு. மீனா மீனான்னு கேக்குறாக. நான் சொன்னா அது பதறிப்போயிரும். நீங்க பக்குவமாச் சொல்லிப் பேசச் சொல்லுங்க."

"சரிப்பா, நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

கட்டிக்கொடுத்த பெண்ணிடம் அவள் தகப்பனாரைப் பற்றி இப்படிப்பட்ட செய்தியை எங்கள் பக்கத்தில் நேராகச் சொல்வதில்லை. என் தகப்பனார் இறந்தபோது, இளையாத்தங்குடியில் இருந்த தங்கையை அழைத்துவர நான்தான் காரில் போனேன். அப்பச்சிக்கு மேலுக்கு முடியல, பார்த்துட்டு வந்துருவோம் என்று மட்டும் சொன்னேன். வீட்டு முன்னால் கூடிநின்ற ஆட்களைப் பார்த்துத்தான் அவளுக்கு விளங்கியது. வழியெல்லாம் அவள் அழாமல் வந்தது என் கெட்டிக்காரத்தனம் என்று நாற்பது வருடமாக நினைத்திருந்தேன்.

அதையே இங்கும் செய்தேன். ஓட்டலுக்குப் போய், அவளை ஒரு வாய் சாப்பிடவைத்து, பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சொன்னால் கார் திரும்பிவிடும். எனக்குக் கடலைப் பார்க்க ஆசையாக இருந்தது.

போனைச் சத்தம் வராமல் வைத்தேன். சட்டைப் பையில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. முன் சீட்டிலிருந்து மீனாள் திரும்பினாள். "யாரு மாமா, விடாம கூப்புடுறாக?"

"விளம்பரக்காரன்."

மலைப்பாதையில் சிக்னல் போனபோது, வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. காட்சி முனையில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி எங்களைப் படம் எடுத்துக் கொடுத்தார். மலை முழுக்க நெருப்பு நிறம். என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, "பியூட்டிஃபுல், இல்லையா?" என்ற பொருளில் ஏதோ சொல்லித் தோளைத் தட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கடற்கரையில் இறங்கியதும் மீனாளின் போன் அடித்தது. "சொல்லுங்கண்ணே" என்றாள். அப்பச்சி போய்விட்டார் என்ற செய்தி. கேட்டு முடித்து என் பக்கம் திரும்பினாள்.

"காலையிலேயே உங்ககிட்ட சொன்னாகளாமே மாமா? அப்ப நெனவு இருந்துச்சாமே?"

"நீ பதறிருவியேன்னுதான் ஆத்தா..."

"பதறியிருப்பேன். பேசியும் இருப்பேன்ல?"

கண்ணப்பன் என்னைப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயந்திரம் எடுப்பதாகச் சொன்னார்கள். எந்த விமானமும் அதற்குள் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அங்கே சாயந்திரமானபோது இங்கே விடிந்துகொண்டிருந்தது. அறைக்குள் இருக்க முடியாமல் கடற்கரைக்கு வந்து, நின்றபடியே வீடியோ காலில் எல்லாவற்றையும் பார்த்தாள். பாடை தெருமுனை திரும்பியதும், வீட்டுப் பெண்கள் தலைமுழுகப் போனார்கள். மீனாள் போனை என் கையில் திணித்துவிட்டு, உடுத்திய துணியோடு அந்தக் குளிர்ந்த அட்லாண்டிக்கில் இறங்கினாள். கண்ணப்பன் கத்திக்கொண்டே பின்னால் ஓடினான்.

போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "மீனா எங்குட்டுப் போச்சு? காணோமே!"

நான் போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.