ஒரு மூச்சில் முடியாத வாக்கியம்

என் நோயை முதலில் கண்டுகொண்டவன் எதிர்த்தரப்பு வக்கீல் தாணு. கேரளத்து நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தில், வழிப்பாதை உரிமை பற்றிய ஒரு தகராறு. நான் வாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாக்கியங்கள் எங்கே முடியும் என்று எனக்கே தெரியாமல் தொடங்குபவை. அன்று ஒன்று நடுவழியில் நின்றுவிட்டது. வலது விலாவில் குத்திய குத்தில் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. அதுவரை மலையாளத்தில் வாதாடியவன், "அம்மா" என்று தமிழில் முனகினேன். நான் பாதியில் நிறுத்தித் தாணு பார்த்ததே இல்லை. பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆகவே அதற்கு முன்பு நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

முந்தைய வாரம் ஜலதோஷம், பிறகு காய்ச்சல், இருமல். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) கேட்டேன். டாக்டர் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா? பெட்ரோலுக்கு ஒரு பக்கம், மீனுக்கு ஒரு பக்கம் என்று பழகியவர்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டினேன். சட்டம் அந்தப் பக்கமும் அதேதான். ஆனால் அந்தக் கடைக்காரர் நான் வழக்கு நடத்திக்கொடுக்கும் கட்சிக்காரர். மாத்திரை கிடைத்தது.

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று மேசைக்குள் போட்டேன். அதைச் சிக்கனம் என்றே நினைத்தேன்.

நீதிமன்றத்திலிருந்து நேராக மருத்துவமனை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோனியா (நுரையீரலின் காற்றறைகளில் நீரும் சீழும் நிறைவது) என்றார் டாக்டர். என் மகள் வயதிருக்கும் அவருக்கு. சளி துரு நிறத்தில் வந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கையில் ஊசி மருந்து.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது: உள்ளே வந்தது யார்? இந்தக் காரியத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் பல உண்டாம். சளியை எடுத்து, ஆட்டு ரத்தம் கலந்த கூழில் வைத்து வளர்ப்பார்களாம். முளைத்து வந்ததும் எது என்று தெரியும். எந்த மருந்துக்குச் சாகும் என்றும் தெரியும். அதுவரை அனுபவத்தை வைத்து ஒரு மருந்தை ஊகித்துக் கொடுப்பார்கள். ஐம்பது தாண்டும்வரை என் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவன், தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் அந்தக் கூழுக்காகக் காத்திருந்தேன்.

ஒன்றும் முளைக்கவில்லை. காய்ச்சலும் இறங்கவில்லை.

வருவதற்கு முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்று டாக்டர் மறுபடி கேட்டார். முதல் நாள் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் மனைவி சுசீலா பார்த்தது என்னை.

"அந்தப் பக்கம் போய் வாங்கித் தின்னாரு டாக்டரே. பாதி மேசைக்குள்ள உண்டு."

டாக்டர் கோபப்படவில்லை. அந்த அரைகுறை மருந்து, கிருமியைக் கூழில் முளைக்கவிடாமல் செய்யப் போதுமானது, நெஞ்சுக்குள் கொல்லப் போதாது என்று விளக்கினார். பிறகு, "சாட்சியை நீங்களே கலைச்சிட்டீங்க சார்" என்றார்.

ஸ்கேன் எடுத்ததில், நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் கட்டியிருப்பது தெரிந்தது. அதனால்தான் காய்ச்சல் விடவில்லை. அது கெட்டிப்பட்டால் அறுவை சிகிச்சை. நுரையீரல் பழையபடி விரியாமலும் போகலாம். என் தொழிலின் முழு முதலீடும் மூச்சு. சுசீலா வராந்தாவில் டாக்டரிடம் மெதுவாகக் கேட்டது கதவிடுக்கு வழியே என் காதில் விழுந்தது: "இனி கோர்ட்டுல பேசுவாராக்கும்?" டாக்டரின் பதில் கேட்கவில்லை.

விலாவில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு குழாயைச் செருகினார்கள். கலங்கிய மஞ்சள் நீர் வடிந்தது. மறுநாள் டாக்டர் தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அந்த நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது எடுத்தது. ஊதா நிறத்தில், இரண்டிரண்டாக ஒட்டிய புள்ளிகள். நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா. ஊகித்துக் கொடுத்த மருந்து சரியானதுதான். நீர் கட்டியிருந்ததால் மட்டுமே அது ஜெயிக்கவில்லை.

இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வெளியிலிருந்து வந்திருக்க வேண்டுமென்பதில்லை, பலருடைய தொண்டையில் இது சும்மா குடியிருக்கும், ஜலதோஷம் வழி திறந்துவிட்டிருக்கலாம் என்றார். வாடகை வழக்குகளிலேயே காலம் கழித்தவனுக்கு இது உடனே புரிந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளை முழுவதும் எதிரி அல்ல என்பதுதான் புதிது. அதில் பெரும்பங்கு, சண்டைக்கு வந்து குவிந்த என் சொந்த ரத்த அணுக்களாம். எனக்கு மூச்சு முட்டியதில் என் தரப்பு ஆட்களுக்கும் பங்குண்டு.

காய்ச்சல் விட்டது. தாணு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான்.

"எலே, கேஸுக்கு வாய்தா வாங்கி வச்சிருக்கேன். ஒனக்கு மூச்சில்லேன்னா நான் ஆருட்ட ஜெயிக்க?"

"மூச்சோட இருந்தப்பமும் நீ ஜெயிச்சதில்லையே" என்றேன். இதைச் சொல்லி முடிக்க மூன்று தவணை ஆனது. அவன் சிரிக்கவில்லை, கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி. மூன்று பந்துகள், மூச்சை உள்ளிழுத்தால் மேலே ஏற வேண்டும். முதல் பந்து ஏறியது. இரண்டாவது யோசித்தது. மூன்றாவது வாரக்கணக்கில் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தக் கட்டத்தில் இருப்பவர்களே, சோர்ந்துவிடாதீர்கள். காய்ச்சல் போன பிறகும் களைப்பு நெடுநாள் நிற்கும். மருந்தை டாக்டர் சொன்னவரை முழுதாகச் சாப்பிடுங்கள். முன்பே எதையாவது விழுங்கியிருந்தால், முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மின்விசிறி உதவாது.

முன்பெல்லாம் எனக்குக் காலம் என்பது வாய்தாவுக்கு வாய்தா நகர்வது. இப்போது அது ஒரு மூச்சின் நீளம். வாசல்படி ஏற அரை மூச்சு, கோபப்பட ஒன்றரை. அதனால் கோபம் குறைந்திருக்கிறது. என் பேச்சில் முற்றுப்புள்ளிகள் வந்துவிட்டன.

"இப்பமாக்கும் நீங்க சொல்லியது மனசிலாவுது" என்கிறாள் சுசீலா.

அந்த வழிப்பாதை வழக்கு மீண்டும் வந்தது. எழுந்து, அன்று நின்றுபோன அதே வாக்கியத்தைத் தொடங்கினேன். பாதியில் மூச்சு முடியப்போவது தெரிந்தது. நிறுத்தினேன். நீதிபதி காத்திருந்தார். தாணுவின் கை நாற்காலிமேல் இருந்தது. வலது விலாவுக்குள், அடிவரைக்கும், காற்று இறங்குவதைக் கேட்டேன். பிறகு மிச்சத்தைச் சொன்னேன்.