கண்டனூரில் சர்வதேசச் சக்கர ஹாக்கி

ரங்கூனிலிருந்து தங்கை கல்யாணத்துக்கு வந்த அண்ணன் இரண்டு டிரங்குப் பெட்டிகள் கொண்டுவந்தார். அவர் என் பெரியப்பா மகன். ஒரு பெட்டியில் கல்யாணச் சாமான்கள் இருந்தன. மற்றதை இறக்கிய வண்டிக்காரர் மூச்சு வாங்க நின்று, "உள்ள என்ன வச்சிருக்கீக, அம்மிக்கல்லா?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டு வண்டிக் கூலியை எண்ணிக் கொடுத்தார்.

கல்யாணம் முடிந்து வெளியூர் ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். பந்தல்காரர்கள் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அந்தப் பெட்டி திறந்தது. உள்ளே இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் மரச் சக்கரங்கள், மேலே தோல் வார்கள். பூட்ஸுக்கு அடியில் வைத்து வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டால் வழவழப்பான தரையில் வண்டிபோல ஓடலாம். ரங்கூனில் இதற்கென்றே ஒரு கொட்டகை இருந்ததாம். அதை மூடியபோது சாமான்களை மலிவாக விற்றார்கள். அண்ணன் ஆறு ஜோடி வாங்கிவிட்டார்.

"சும்மா சறுக்கி விளையாட இல்ல," என்றார். "ஹாக்கி. சக்கரத்துல நின்னுக்கிட்டே கம்பால பந்தை அடிக்கணும். சீமையில தேசத்துக்குத் தேசம் போட்டி வைக்கிறாக. பேப்பர்ல படிச்சேன்."

எங்கள் வீட்டில் அப்போது மூன்று தேசத்துக்காரர்கள் இருந்தார்கள். அந்த நாளில் கண்டனூரில் எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படித்தான். ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, கடல் தாண்டிப் போன இடத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். ஏதாவது கல்யாணத்தை ஒட்டி வந்தால் கொஞ்சநாள் கூடுதலாகத் தங்குவார்கள். ரங்கூனிலிருந்து அண்ணனும் அவர் கடைக்காரர்கள் இருவரும். கொழும்பிலிருந்து எங்கள் பங்காளிகள் மூவர். பினாங்கிலிருந்து என் அக்கா கணவரும் அவருடைய ஒன்றுவிட்ட தம்பிகள் இருவரும். அண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, தேசத்துக்கு ஓர் அணி, அணிக்கு மூன்று பேர் என்றார். கரித்துண்டை எடுத்து, பிரித்துப் போட்ட பந்தல் பலகை ஒன்றில் "சர்வதேச ஆடவர் சக்கர ஹாக்கிப் போட்டி" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஹால் வாசலில் சாத்திவைத்தார்.

நான் எந்தத் தேசத்துக்காரனும் இல்லை. என்னைப் பெற்ற அப்பச்சி பர்மாவில் காய்ச்சலில் இறந்தபோது நான் கைக்குழந்தை. இருக்கிற ஒரே ஆண்பிள்ளையைக் கப்பலேற்ற மாட்டேன் என்று ஆத்தா சொல்லிவிட்டார். ஆகவே நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு.

"இவன் யாருக்கு ஆடுவான்?" என்று அண்ணன் கேட்டதும் கொழும்புப் பங்காளி ஒருவர், "புதுவயலுக்கு ஆடட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

அக்கா கணவர் மட்டும் யோசித்தபடி, "நடுவர் வேணும்ல? எந்தப் பக்கமும் சேராத ஆளுதான் நடுவரா நிக்கணும். தம்பியே இருக்கட்டும்" என்றார். அவரை நான் அயித்தான் என்று கூப்பிடுவேன். தேவகோட்டைக்காரர். அதிகம் பேசமாட்டார். மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் வந்திருந்தார். பினாங்கில் இந்த ஆட்டம் தனக்குப் பழக்கம்தான் என்று அவர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா அதை வீடு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

தடை பெரியாத்தாவிடமிருந்து வந்தது. அண்ணனின் தாயார் அவர். அந்த வீடு அவர்களுக்கும் எங்களுக்கும் பொது என்றாலும் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

"வீட்டுக்குள்ள பூட்ஸ் காலோட வாரதாவது. இதென்ன தாசில்தார் கச்சேரியா?"

"பூட்ஸ் தரையில படாது ஆத்தா. சக்கரம்தான் படும்."

பெரியாத்தா ஒரு சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். மரம் என்று தெரிந்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. ஆனா தூணுல ஒரு கீறல் விழக் கூடாது. மெத்தையக் கட்டிட்டு ஆடுங்க" என்றார். பெரியப்பாவுக்குக் காது மந்தம். என்ன நடக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை சரியாகத் தெரியாது.

கல்யாண விருந்தாளிகளுக்காக எடுத்துப்போட்ட மெத்தைகளை ஹாலின் தேக்குத் தூண்களைச் சுற்றிக் கயிற்றால் கட்டினோம். கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்தால் ஹாக்கி மட்டை. பந்து, கொழும்புக்காரர் கொண்டுவந்த கிரிக்கெட் பந்து. இரண்டு கோடியிலும் ஜோடி ஜோடியாகப் பித்தளை அண்டாக்களைக் கவிழ்த்து வைத்தோம்; அவற்றுக்கு நடுவில் பந்து போனால் கோல். ஆலைக் காவல்காரரிடம் நான் ஊதல் இரவல் வாங்கி வந்தேன். அண்ணன் சட்டங்களைச் சொன்னார். கையால் பந்தைத் தொடக் கூடாது. காலால் தடுக்கலாம், தள்ளக் கூடாது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கக் கூடாது. கோப்பைக்கு வெள்ளிக் கும்பா ஒன்று கேட்டோம். பெரியாத்தா எனாமல் தூக்குவாளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

பெண்கள் மாடியிலிருந்து கம்பி வழியாகப் பார்த்தார்கள். முதல் ஆட்டம் ரங்கூனும் கொழும்பும். ஆட்டம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். அண்ணன் ஒருவர்தான் நிஜமாக ஓடினார். மற்றவர்கள் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்குத் தாவி, மெத்தையைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். பந்து அண்டாவில் மோதும்போதெல்லாம் கோயில் மணி அடித்ததுபோல வீடே அதிர்ந்தது. நான் வெறுங்காலோடு அவர்களுக்கு நடுவில் ஓடி ஊதினேன். முதலில் கூச்சமாக இருந்தது. போகப்போக, என் ஊதலுக்கு ரங்கூனும் கொழும்பும் சட்டென்று நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

கொழும்பு இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. பினாங்கும் ரங்கூனும் கடைசி ஆட்டத்துக்கு வந்தன. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து ஹால் ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். மாமியார் வீட்டில் அரைக்கால் சட்டை போட அயித்தானுக்கு மனமில்லை. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, அதன் கீழே பூட்ஸும் சக்கரமுமாக நின்றார். யாரும் சிரிக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளையல்லவா.

அணிக்கு இரண்டு கோல் என்று சமமாக இருந்தபோது பந்து ரங்கூன் பக்கத்து அண்டாக்களுக்கு எதிரே வந்து நின்றது. அயித்தான் மட்டையை வீசினார். மட்டை பந்தில் படவில்லை. வீசிய வேகத்தில் உடம்பு முன்னால் சாய, வலது காலை நீட்டிப் பந்தை உள்ளே தள்ளினார். மாடியிலிருந்து கைதட்டல் கேட்டது. பினாங்குத் தம்பிகள் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். அண்ணன் வேறு பக்கம் திரும்பியிருந்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஊதினேன். "கோல் இல்ல அயித்தான். கால்ல தள்ளிட்டீக."

"கால்லயா?" என்று அவர் கேட்டார்.

"ஆமா அயித்தான்."

"தம்பி, போனாப் போகுது, குடுத்துரு" என்று அண்ணனே மெல்லச் சொன்னார். மேலேயிருந்து பெரியாத்தாவின் குரல் வந்தது: "மாப்பிள்ளைய நாலு பேரு முன்னால இப்படியா சொல்றது?"

ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது? மறுபடியும் "கோல் இல்ல" என்றேன். அயித்தான் ஒரு தூணடியில் உட்கார்ந்து வார்களை அவிழ்த்தார். சக்கரங்களை ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்துவிட்டு, முகம் கழுவி, மேல்துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில், அவர் தேவகோட்டைக்குக் கார் பிடித்துப் போய்விட்டதாக வேலைக்காரர் வந்து சொன்னார்.

வீடு துக்கவீடுபோல ஆகிவிட்டது. ஆத்தா என்னிடம், "ஒரு கோலைக் குடுத்தா நம்ம வீட்டுல என்ன குறைஞ்சு போகும்? மூணு வருஷம் கழிச்சு வந்த மனுசன் சாப்பிடாமப் போயிட்டாக" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அதுதான் என்னையும் அறுத்தது. அக்காவின் மூன்று வருஷத்துக்குப் பதிலாகக் கிடைத்த கொஞ்ச நாளில் ஒரு பகுதியை என் ஊதல் பிடுங்கிக்கொண்டுவிட்டது.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரம் அடுக்கியபடியே கேட்டாள்.

"கால்லதான் தள்ளுனாகளா?"

"ஆமா."

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"அப்பச் சரி. காலையில போயிக் கூட்டிட்டு வா. மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். சும்மா கூப்பிடு."

காலையில் ஆலைக்கு வரமுடியாது என்று சொல்லியனுப்பிவிட்டு, காரைக்குடி போய்த் தேவகோட்டைக்குப் பஸ் ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்தேன், ஒன்றும் அமையவில்லை. அயித்தான் அவர்கள் வீட்டு முகப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "சாப்பிட்டியா?" என்றார். இட்லி வந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தார். பிறகு வேலைக்காரர்கள் அங்குட்டுப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கால்ல தள்ளக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது."

"அண்ணன் சொன்னாகளே அயித்தான்."

"அவுக சொன்னப்ப நான் கவனிக்கல. தெரிஞ்ச ஆளுமாதிரி உக்காந்திருந்தேன். நான் பினாங்குல ஒருநாளும் ஆடுனதில்ல."

நான் கொஞ்சம் அருகில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"கடைக்குப் போற வழியில சக்கரம் ஓட்டுற கொட்டகை ஒண்ணு இருக்கு. சாயங்காலம் கடை கட்டிட்டு வரையில உள்ள சக்கரம் ஓடுற சத்தம் கேக்கும், இடி உருளுறமாதிரி. வெள்ளைக்காரக, அவுக வீட்டுப் பிள்ளைக எல்லாம் ஆடுவாக. நம்ம ஆளுகளுக்குன்னு வாரத்துல ஒருநாள் உண்டு. வேட்டியோட எப்படி உள்ள போறதுன்னு நான் போகல. வாசல்ல நின்னு பாப்பேன். ரெண்டு தடவை டிக்கெட்டு வாங்கிப் பெஞ்சுல உக்காந்து பாத்தேன். அவ்வளவுதான். இங்க வந்து உன் அக்காகிட்ட ஆடுவேன்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு தெரியல. அங்குட்டு என்ன பண்ணுறீகன்னு ஆசையாக் கேட்டா. கடை, சாப்பாடு, தூக்கம்னு எத்தனை தரம் சொல்றது?"

வாசலைப் பார்த்துக்கொண்டே, "நீ ஊதுனப்ப அவ மேலேயிருந்து பாத்துக்கிட்டு இருந்தா" என்றார்.

அவர் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அன்றுதான் பிரியம் வந்தது என்று நினைக்கிறேன். நான் கப்பலேறாதவன், கடல் தாண்டிப் போனவர்களெல்லாம் அங்கே ராஜாக்களாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன். ஒரு கொட்டகை வாசலில் வேட்டியோடு நிற்கும் அயித்தானை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஆட்டம் முடியல அயித்தான். ரெண்டுக்கு ரெண்டுலயே நிக்குது. அண்ணன் அண்டாவைக் கூட எடுக்கல" என்றேன்.

"அவகிட்ட..."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பஸ்ஸில் சட்டங்களை ஒவ்வொன்றாக என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடங்கியது. பெரியாத்தா என்னைத் தனியே கூப்பிட்டு, "பாத்து ஊது" என்று மட்டும் சொன்னார். அயித்தான் முதல்நாளைவிட மோசமாக ஆடினார். சட்டம் தெரிந்துவிட்டதால் காலை எங்கே வைப்பது என்ற பயம் வந்துவிட்டது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ஒருமுறை கால் பந்தைத் தள்ளிவிட்டதும் நான் ஊதுவதற்கு முன்பே அவரே கையைத் தூக்கினார். ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் அதற்குக் கைதட்டினார்கள். கடைசியில் அண்ணன் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராகப் போய் உள்ளே விழுந்தது. அதைத் தடுக்கப் பாய்ந்த அயித்தான் தூணில் மோதி, மெத்தையோடு சரிந்து உட்கார்ந்தார். பதறிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தூக்குவாளி ரங்கூனுக்குப் போயிற்று.

அயித்தான் கப்பலுக்குக் கிளம்பிப் போன மறுநாள் அக்கா கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "அவுக பினாங்குல ஆடுனதில்ல, தெரியுமா?" என்றாள்.

நான் திடுக்கிட்டு, "யாரு சொன்னது?" என்றேன்.

"யாரு சொல்லணும்? முதல் நாளு வாரை மாட்டத் தெரியாம அண்ணன் எப்படி மாட்டுறாகன்னு ஓரக்கண்ணால பாத்துப் பாத்து மாட்டுனாக. மேல நின்னா எல்லாம் தெரியும்."

"அவுககிட்டக் கேட்டீகளா?"

"எதுக்குக் கேக்கணும்?" என்று வேட்டியை உதறிக் கொடியில் போட்டாள். "நல்லா ஆடுனீகன்னு சொன்னேன்."

அடுத்த பயணம் முடிந்து அயித்தான் வந்தபோது இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தார். கடைப் படியில் விழுந்துவிட்டதாக வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். அக்கா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து கணுக்காலில் தடவினாள். நான் அருகில் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"படியில விழல," என்றார். "நம்ம ஆளுகளுக்கு விடுற நாள்ல கால்சட்டை தச்சுப் போட்டுக்கிட்டு ஒரு வருஷமாப் போயிக்கிட்டு இருக்கேன். கப்பல்காரக சில பேரு வந்திருந்தாக. எந்தத் தேசமோ, என்ன பாஷையோ, ஒண்ணும் புரியல. ஆள் குறையுதுன்னு நம்ம ஆளுக என்னையும் சேத்துக்கிட்டாக. அவுகளை எதுத்து ஹாக்கி ஆடுனோம், அதுல விழுந்துட்டேன்."

"எத்தனை கோல் போட்டீக?" என்று அக்கா கேட்டாள்.

"நான் ஒண்ணும் போடல. அவுக ஒன்பது போட்டாக."

அக்கா காலை மடியில் இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு, வலிக்கிற இடம் எது என்று கேட்டாள்.